தீக்குச்சி மூன்றாவது வந்தது

போன மாதம் றிஸ்வி என் வீட்டுக்கு வந்து, கைபேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மரகதக்கா, இதக் கேளுங்க. ஒங்களுக்குச் சிரிப்பு வரும்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கண்டி டவுனில் நான் வேலை செய்த கடையை இப்போது நடத்துகிறவர் றிஸ்வி. அப்போது முதலாளியாக இருந்த அவருடைய வாப்பாவை நாங்கள் எல்லோரும் ஹாஜியார் என்போம். ரேடியோ, டோர்ச், மணிக்கூடு விற்ற கடை. பிறகு கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டிகளும், அதற்குள் செருகும் கசட்டுகளும் விற்றோம். அந்தக் கசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு விளையாடிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று எழுதி வைப்பது என் வேலையாக இருந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்ற பொம்பளைக்கு அப்படி ஒரு வேலையா என்று கேட்பார்கள். இருந்தது.

றிஸ்வி வாசித்துக் காட்டியது அந்தக் கசட்டுகளில் ஒன்றைப் பற்றி. கார் ஓட்டப் பந்தயம். நாங்கள் 'சிவப்புக் கார்' என்போம். எங்கெங்கோ நாடுகளில் இருக்கிறவர்கள் இப்போது அதை நினைத்து உருகி எழுதுகிறார்களாம். அப்படி ஒரு வேகத்தை இனிப் பார்க்க முடியாது என்கிறார் ஒருவர். வளைவுகளில் தன் உயிர் போய் உயிர் வந்ததாம் இன்னொருவருக்கு. எல்லோரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

"நீங்களும் ஒங்கட கருத்த எழுதுங்க. எத்தன தரம் ஓட்டினீங்க! நான் போட்டு விடுறன்," என்றார் றிஸ்வி.

அவர்களுக்கெல்லாம் உயிர் கட்டிலில் படுத்தபடி போய் வந்திருக்கிறது. எனக்குப் பேராதனைப் பாலத்தடியில், துப்பாக்கிக்கு முன்னால் போய் வந்தது. அதே கேமினால்தான். ஆகவே எழுதுகிறேன்.

நான் முதலில் வேலை செய்தது ஒரு புடவைக் கடையில். கலவரத்தில் அது எரிந்தது. நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது, துணி எரிந்த சாம்பலில் அளவுகோல் ஒன்று மட்டும் முழுதாகக் கிடந்தது. அந்தக் கடை முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். எனக்குப் போக ஊர் இல்லை. கெலிஓயாவில் அம்மாவும் நானும் ஒரு அறையில் இருந்தோம். ஹாஜியாரும் கெலிஓயாக்காரர். அவர் கடையில் சாமான் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பல வருடம் சுற்றிக் கொடுத்தேன், தூசி தட்டினேன். ஆட்களோடு பேச எனக்கு நாக்கு வராது. வாடிக்கையாளர் விலை கேட்டால் விரலைக் காட்டுவேன். மற்றவர்கள் என்னை 'ஊமைக் கடிகாரம்' என்பார்கள். அது போகட்டும்.

கேம் வந்ததும் கடைக்குத் தலைவலியும் வந்தது. சிங்கப்பூரில் இருந்து பெட்டி பெட்டியாக வரும் கசட்டுகளில் பாதி ஓடாது. ஓடுவதில் பாதி, பிள்ளைகள் ஒரே நாளில் வெறுத்துத் திருப்பிக் கொண்டு வருவார்கள். ஹாஜியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "புள்ள, ஒங்களுக்குத்தான் பேச்சு இல்ல, கண்ணு நல்லா ஈக்கு. பின்னால மேசையில இருந்து இதுகளப் பாத்துச் செல்லுங்க," என்றார்.

சொல்ல வராது என்றேன். "அப்ப எழுதுங்க," என்று ஒரு மஞ்சள் அட்டைக் கொப்பியைக் கொடுத்தார்.

வேலைக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். கசட்டின் அடியில் பித்தளைப் பல் மாதிரி ஒரு வரிசை இருக்கும். அதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் பட்டுக் களிம்பு ஏறும். ஊர் முழுக்க ஊதினார்கள், எங்கள் மேசையில் ஊதினதில்லை. பிறகு செருகி, சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாக அமுக்கிப் பார்த்து, மூன்று ஆட்டம் முழுதாக விளையாட வேண்டும். தோற்றாலும் மூன்று, வென்றாலும் மூன்று. அதன் பிறகே கொப்பியில் எழுதுவேன். பெட்டியில் இருக்கும் இங்கிலீஸ் பெயர் எனக்கு வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து நானே பெயர் வைப்பேன். தவளை, கட்டை அடுக்கு, மீசைக்காரன், சிவப்புக் கார்.

பெயர் தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. புகழ்ச்சியும் எனக்கு வாசிக்கத் தெரியாதல்லவா? பெட்டியில் என்ன புளுகு அச்சடித்திருந்தாலும் என்னிடம் செல்லாது. கையில் எப்படி இருக்கிறதோ அதுதான் எனக்கு.

சிவப்புக் காருக்கு வருகிறேன். அதில் ஆறு கார்கள் ஓடும், ஒன்று நம்முடையது. பாதை இடமும் வலமும் வளையும், கார் வளையாது. அது நடுவில் நகம் அளவுக்கு ஒட்டி வைத்தது போல் நிற்க, பாதைதான் அடியில் நெளியும். ஓரத்தில் ஒரு தென்னை மரம் வரும். திரும்பவும் அதே தென்னை. மலை நாடு என்று படம் போட்ட பந்தயத்திலும் அதே தென்னை. இரவுப் பந்தயம் என்று ஒன்று, வெள்ளையைக் கறுப்பாக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். சுவரில் மோதினால் கார் கொஞ்சம் முனகிக்கொண்டு சுவரை உரசியபடியே போகும். கம்பளை ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர் அப்படி உரசினால் மகாவலி ஆற்றுக்குள்தான் போய் நிற்பார்.

அதைவிட மோசம் மற்ற ஐந்து கார்கள். நாம் முந்தினால் எங்கிருந்தோ பறந்து வந்து பிடிக்கும். நாம் பிந்தினால் கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி மெல்ல மெல்லப் போய்க் காத்திருக்கும். நன்றாக ஓட்டுகிறவனுக்குத் தண்டனை, மோசமாக ஓட்டுகிறவனுக்கு உபசாரம். இதைத்தான் வேகம் என்று எழுதுகிறார்கள்.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு தீக்குச்சியால். பெட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தோம். புதுப் பெட்டரி நாலு போட்டு, வேகப் பட்டனை விடாமல் அமுக்கி, வெளிச்சம் மங்கிச் சாகும் வரைக்கும் நேரம் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் விரல் தாங்காது. ஆகவே தீக்குச்சியை இரண்டாக ஒடித்துப் பட்டனின் மேல் வைத்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், கார் சுவரை உரசி உரசி மூன்றாவதாக வந்திருக்கிறது. அமுங்கின பட்டனையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பந்தயத்தையும் தானே தொடங்கியிருக்கிறது. அதிலும் மூன்றாவது. நான் கவனமாக வளைத்து ஓட்டினபோது ஒரு நாளும் நாலாவதைத் தாண்டினதில்லை.

கொப்பியில் எழுதினேன்: 'சிவப்புக் கார். பாதை வளைகிறது, கார் வளைவதில்லை. முந்தினால் பிடிக்கிறான், பிந்தினால் காத்து நிற்கிறான். மோதினால் நட்டமில்லை. தீக்குச்சி மூன்றாவது வந்தது. எடுக்க வேண்டாம்.'

ஹாஜியார் வாசித்தார். கொப்பியை மூடி வைத்தார். அடுத்த வாரம் அறுபது கசட் வந்து இறங்கியது. படம் அழகாக இருந்ததாம்.

ஹாஜியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நல்ல மனிதர். யாரையும் வைய மாட்டார், சத்தம் போட மாட்டார். வெயிலோ மழையோ கறுப்புக் குடை ஒன்று கையில் இருக்கும், யோசிக்கும்போது அதன் பிடியைப் பெருவிரலால் தேய்ப்பார். ஆனால் விற்கிற சாமானைப் பற்றி ஒரு குறை வாயில் வராது. எரியாத டோர்ச்சைக்கூட, "இது கண்ணக் கூசாத டோர்ச்," என்று சொல்லக் கூடியவர். சிவப்புக் காரை எடுத்துக் காட்டி, "எங்கட கடையில ஒரு புள்ள சோதிச்சுப் பாத்துத்தான் வைக்கிற. அவங்க செல்லிட்டாங்க, இதுதான் நம்பர் வன்," என்பார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முகம் சுடும். வாய் திறந்ததில்லை.

இனி அந்த நாள்.

பெருநாள் நெருங்கிய மாதம். ஒரு புது ரகப் பெட்டரி வந்திருந்தது, அதைச் சோதிக்க வேண்டும். கடை நேரம் போதாது என்பதால் விடியற்காலையில் வீட்டில் தொடங்கி, அப்படியே ஓட விட்டுக் கடைக்குக் கொண்டு வரச் சொன்னார் ஹாஜியார். நேரத்தை ஒரே மணிக்கூட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். வீட்டு மணிக்கூடு ஒன்று சொல்லும், கடை மணிக்கூடு ஒன்று சொல்லும், கணக்குப் பிழைக்கும் என்பார். அதற்கென்று ஒரு அலாம் மணிக்கூடு இருந்தது. சோதனை எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும். சத்தம் கூட்டித்தான் வைக்க வேண்டும், ஆனால் அந்த இரைச்சல் அடுத்த ஆளைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆகவே காதில் போடும் வயரைச் செருகிவிடுவேன். தீக்குச்சி அசைந்தால் எல்லாம் வீண். ஆகவே எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் பழந்துணி சுற்றி வைத்தேன்.

இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. தகரப் பெட்டி. உள்ளே வயர், பெட்டரி, டிக் டிக் என்று மணிக்கூடு. பஸ்ஸில் குண்டு வைக்கிறார்கள் என்று நாடே நடுங்கிய காலம். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு அது சோதனைப் பெட்டி.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் தினமும் மெனிக்கே அக்கா இருப்பார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. இரண்டு வருடமாக ஒன்றாகப் போகிறோம். அவர் 'நங்கி', தங்கச்சி, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசிக்கொண்டே வருவார், நான் தலையாட்டிக்கொண்டே போவேன். ஒரு நாளும் அவருக்கு அலுத்ததில்லை. அன்றைக்குப் பேராதனைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வழக்கம் போல எல்லோரும் சாமானோடு இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வரிசையில் நிற்கும்போது மெனிக்கே அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"நங்கி, உன் பெட்டிக்குள்ள என்ன சத்தம்?"

மணிக்கூடு என்று சொல்லியிருக்கலாம். கடைச் சாமான் என்று சொல்லியிருக்கலாம். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பால் பெட்டியை மூடினேன்.

மெனிக்கே அக்காவின் முகம் மாறினதை நான் பார்த்தேன். என் பெயரை எடுத்தார், பிறகு என் சாதிசனத்தின் பெயரை எடுத்தார், பிறகு "போம்ப!" என்று அலறினார், குண்டாம். அவ்வளவுதான். வரிசை சிதறி ஓட, செருப்பும் பையும் அப்படியே கிடக்க, ரோட்டில் நான் மட்டும் நின்றேன்.

"கீழே வை! கீழே வை!" என்று ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டிக் கத்தினான்.

கீழே வைத்தேன். ஆனால் எப்படி வைத்தேன் தெரியுமா? தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல, இரண்டு கையாலும் மெல்ல, மெல்ல. தீக்குச்சி நழுவினால் விடியற்காலை நாலு ஐம்பதில் இருந்து பார்த்த நேரம் வீணாகிவிடுமே என்ற நினைப்பு. துப்பாக்கி முனையில் நின்று பெட்டரிக் கணக்கை நினைத்தவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் மெல்ல மெல்ல வைக்க வைக்க, அவர்கள் பின்னால் பின்னால் போனார்கள்.

ஒரு மணித்தியாலம் போனது. பெட்டியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, கயிறு கட்டித் தூரத்தில் இருந்து மூடியை இழுத்தார்கள். வெடிக்கவில்லை. ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், உள்ள கார் ஒன்னு ஓடுது," என்றான். யாரும் சிரிக்கவில்லை. என்னையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸுக்குக் கொண்டு போனார்கள்.

பொறுப்பதிகாரி மேசையில் என் அடையாள அட்டை, தகரப் பெட்டி, மணிக்கூடு, கேம், என் பைக்குள் இருந்த மஞ்சள் கொப்பி எல்லாம் வரிசையாக இருந்தன. இவளை மேலே அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா, இதுதான் கேள்வி. மேலே என்றால் கொழும்பு. எங்கள் பக்கத்தில் இருந்து அப்படிப் போன இரண்டு பேர் அன்று வரைக்கும் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு நடக்க முடியாது. காலையில் நான் ஊற்றி வைத்த தேத்தண்ணிதான் அவளுக்கு இரவு வரைக்கும்.

"வெறும் விளையாட்டுச் சாமான் என்றால் பட்டனை ஏன் கட்டி வைத்தாய்?" என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். "மணிக்கூடு எதற்கு? யார் கட்டச் சொன்னது?"

ஹாஜியார் கடைச் சோதனை, மாத்தயா, என்று மரியாதையாகச் சொன்னேன்.

கொப்பியை வாசிக்கத் தமிழ் தெரிந்த முஸ்லிம் சார்ஜன் ஒருவரைக் கூப்பிட்டார்கள். நேரம் நேரமாக எழுதியிருக்கிற பக்கங்களைப் பார்த்துப் பொறுப்பதிகாரியின் கண் சுருங்கியது. கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி, 'நாலு ஐம்பது, தொடக்கம்' என்று இருந்தது. சார்ஜன் முன் பக்கங்களைப் புரட்டி, சிவப்புக் காரைப் பற்றி எழுதினதை ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னார். பாதை வளைகிறது, கார் வளைவதில்லை. முந்தினால் பிடிக்கிறான். சொல்லச் சொல்ல அவர் குரல் மெதுவானது. 'எடுக்க வேண்டாம்' என்ற இடத்தில் நிறுத்தி, கேமைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது நான் மகனுக்கு வாங்கின அதே கசட் அல்லவா?" என்று தமிழில் என்னைக் கேட்டார். "கடையில பாத்த புள்ளதான் நம்பர் வன்னு செல்லிச்சுன்னு ஹாஜியார் செல்லித்தானே தந்தார்! அந்தப் புள்ள யாரு?"

நான் தலையைக் குனிந்தேன். வேறு என்ன செய்ய?

ஹாஜியாரைக் கூப்பிட்டு வந்தார்கள். வெள்ளைத் தொப்பி, கையில் குடை. என்னைப் பார்த்து, "பயப்புட வாணாம் புள்ள," என்றார். பிறகு பொறுப்பதிகாரிக்குச் சலாம் வைத்து, இவள் என் கடைப் பிள்ளை, இது எங்கள் வழக்கமான சோதனை, என்று அழகாக விளக்கினார். பொறுப்பதிகாரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த விளையாட்டு நல்லதா, கெட்டதா?"

"முதல் தரமான சாமான், சேர்," என்றார் ஹாஜியார்.

பழக்கதோஷம். கேட்ட உடனே வாயில் வந்துவிட்டது. பொறுப்பதிகாரி கொப்பியைத் தூக்கிப் பிடித்தார். "நல்ல சாமான் என்றால், 'எடுக்க வேண்டாம்' என்று இந்தப் பெண் எழுதியிருப்பது இந்த விளையாட்டைப் பற்றி இருக்க முடியாது. அப்படியானால் இது என்ன கொப்பி?"

ஹாஜியாரின் பெருவிரல் குடைப் பிடியைத் தேய்த்தது. ஒரு பக்கம் சார்ஜன் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் நாற்பது கசட் கடையில் கிடக்கிறது. நான் அவரைப் பார்க்கவில்லை, அந்தப் பெருவிரலைத்தான் பார்த்தேன். அது நின்றது.

"அந்தப் புள்ள எழுதினது சரி, சேர்," என்றார். "சாமான் குப்பை. அவங்க முதல்லயே எழுதித் தந்தாங்க. நான் தெரிஞ்சுதான் வித்தன்."

அவரோடு இருந்த அத்தனை வருடத்தில் தன் சாமானைப் பற்றி அவர் சொன்ன ஒரே ஒரு குறை அதுதான். சார்ஜன், "அல்லாவே," என்றார்.

பொறுப்பதிகாரி நம்பவில்லை. "தீக்குச்சி மூன்றாவது வரும் என்று எழுதியிருக்கிறாளே, வரட்டும் பார்க்கலாம்," என்று காது வயரைப் பிடுங்கிவிட்டுக் கேமைத் தன் முன்னால் வைத்தார். பெட்டி திறந்து, ஜீப்பில் குலுங்கி, நாலு பேர் கைபட்டும் தீக்குச்சி அசையவில்லை. கார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. புதுப் பந்தயம் தொடங்கியது. சுவரில் இடித்தது. உரசியது. முனகியது. தென்னை வந்தது. சார்ஜன், ஜீப் ஓட்டி, கதவடியில் நின்ற பொலிஸ்காரி, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மூன்றாவது.

"விடு! நானே ஓட்டுகிறேன்," என்று பொறுப்பதிகாரி ரப்பர் வளையத்தைக் கழற்றினார். நான் சொல்லாமலேயே தீக்குச்சித் துண்டுகளை எடுத்துப் பத்திரமாக மேசையில் வைத்தார். வளைவுகளில் நாக்கைக் கடித்துக்கொண்டு, நாற்காலியோடு சாய்ந்து சாய்ந்து ஓட்டினார். ஆறாவது.

"சேர், பிரேக்கை விடுங்க," என்றான் ஜீப் ஓட்டி.

"நீ சும்மா இரு. உன் ஓட்டம் எனக்குத் தெரியாதா?"

இன்னொரு தரம் ஓட்டினார். இந்த முறை ஜீப் ஓட்டியின் பேச்சைக் கேட்டாரோ என்னவோ, நாலாவது, மூன்றாவது, இரண்டாவது என்று வந்துகொண்டிருந்தார். கடைசிச் சுற்று. திரை மங்கியது. இன்னும் மங்கியது. ஒரு கீச்சுச் சத்தத்தோடு அணைந்துபோனது.

"நான் இரண்டாவது! எல்லோரும் பார்த்தீர்கள்தானே!"

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுந்து போய், பொறுப்பதிகாரியின் கைக்குக் கீழே இருந்த என் கொப்பியை இழுத்து, சார்ஜனின் சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். 'பதினொன்று இருபது. முடிந்தது. ஆறரை மணித்தியாலம்.' எழுதி முடித்த பிறகுதான் யாருடைய மேசைக்கு முன்னால் நிற்கிறேன் என்று நினைப்பு வந்தது. பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

பொறுப்பதிகாரி என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். சொன்னேன். வீட்டு டோர்ச்சுக்கும் அந்தப் பெட்டரி சரியா என்று கேட்டார். சரி, மாத்தயா, என்றேன். அடையாள அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பு. மணிக்கூட்டை இனிப் பஸ்ஸில் கொண்டு வரக் கூடாது."

திரும்பும் வழியில் ஹாஜியார் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் நின்று, "புள்ள, தீக்குச்சி விசயத்த வெளிய செல்லாதீங்க," என்றார். சார்ஜனுக்கு மீசைக்காரன் கசட் ஒன்று இலவசமாகப் போனது. மிச்ச நாற்பது சிவப்புக் காரும் கண்ணாடி அலுமாரியில் அப்படியே இருந்தது. மனிதர் அப்படித்தான்.

மறுநாள் பஸ்ஸில் மெனிக்கே அக்கா முன் இருக்கையில் போய் இருந்தார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். என் பக்கத்து இருக்கையில் யார் யாரோ இருந்தார்கள், யாரும் பேசவில்லை. பொலிஸில் இருந்த அரை நாளைவிட அந்த மூன்று வாரம்தான் எனக்கு நீளமாக இருந்தது.

மூன்றாம் வாரம் மெனிக்கே அக்கா கடைக்கே வந்துவிட்டார். மகளின் பிள்ளைக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் வேண்டுமாம். நான் பின்னால் மேசையில் இருக்கிறேன், திரைச்சீலை இடுக்கால் தெரிகிறது. ஹாஜியாரின் கை நேரே சிவப்புக் காருக்குத்தான் போனது. "எங்கட கடையில ஒரு பிள்ளை சோதித்துப் பார்த்துத்தான்..." என்று சிங்களத்தில் தொடங்கினார்.

நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அக்கே, அது வேண்டாம். அது குப்பை," என்றேன் சிங்களத்தில். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். "அதைப் பிள்ளை ஓட்டத் தேவையில்லை, தானே ஓடும். தவளையை எடுங்கள். தவளையை விழுத்தினால் செத்துப்போகும், பிள்ளை கவனமாக இருக்கும்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். பெருவிரல் குடைப் பிடிக்குப் போனது. பிறகு சிவப்புக் காரை உள்ளே வைத்துவிட்டுத் தவளையை எடுத்தார்.

மெனிக்கே அக்கா அலுமாரிக் கண்ணாடி வழியாக அந்தக் கசட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்றைக்கு உன் பெட்டிக்குள் ஓடினது இதுவா?"

"இதுதான்."

"இந்தக் குப்பைக்கா நான் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினேன்?"

அவர் சிரிக்கவில்லை. தவளையைச் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை பஸ் ஏறினபோது, அவருடைய பழைய இருக்கைக்குப் பக்கத்தில் என் இடத்தில் அவருடைய பை இருந்தது. என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நேற்று ஒருத்தி சோடாத்தூளைக் கூட்டிப் போட்டுப் போர்வையைக் கெடுத்த கதையைத் தொடங்கினார். இந்த முறை நான் தலையாட்டுவதோடு நிற்கவில்லை. எவ்வளவு தூள் போட்டாள் என்று கேட்டேன்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் என் மேசைக்குத் திரைச்சீலை இருக்கவில்லை. நானே கழற்றி மடித்து வைத்தேன். அதன் பிறகு சிவப்புக் கார் எங்கள் கடையில் மிக மெதுவாகத்தான் விற்றது. கடைசி ஒன்று இன்னும் அலுமாரியில் இருப்பதாக றிஸ்வி சொல்கிறார்.

இவ்வளவையும் றிஸ்விக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கைபேசியில் இவ்வளவுக்கு இடமில்லையாம். கொப்பியில் அன்று எழுதின ஆறு வரியை மட்டும் போடச் சொன்னேன். நட்சத்திரம் ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒன்றாவது போடாவிட்டால் ஏற்காதாம்.

சரி, ஒன்று போடுங்கள் என்றேன். அது தீக்குச்சிக்கு.